பழைய பாய்ப்படகு வாங்கப் போகிறவர்கள் பாம்பன் கரையில் கேட்கும் கேள்விகள்

ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் பதினோரு வருஷம் ஃபைபர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது மண்டபத்தில் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறேன். வளைகுடாவில் யாட் (உல்லாசப் படகு) வேலை பார்த்தவன் என்று யாரோ சொல்லிவிட, கீழக்கரையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆள் தேடி வருகிறார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: உள்ளே படுக்க, சமைக்க இடமுள்ள, பாய் விரித்துத் தூரம் போகிற படகு, பழசாக, மலிவாக வேண்டும். சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"அண்ணே, குடும்பத்தோட ரெண்டு மூணு நாள் கடல்ல தங்கணும். எத்தனை அடிப் படகு வாங்கலாம்?"

30 அடியிலிருந்து 36 அடிக்குள் பாருங்கள். 28 அடிக்குக் கீழே போனால் பல படகுகளில் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. 40 அடியைத் தாண்டினால் பாயின் இழுவை ஒரு ஆள் கைக்கு அடங்காது, செலவும் அடங்காது. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் பாய் ஏற்றி, இறக்கி, நங்கூரம் போட்டுச் சமாளிக்கக்கூடிய அளவு 33 அடி.

எடையை மறந்துவிடாதீர்கள். 33 அடி பாய்ப்படகு ஐந்து டன் பக்கம் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு, கீல் என்று அடியில் தொங்கும் இரும்பு அல்லது ஈயம். நம் ஃபைபர் வள்ளத்தைப் போல ஆட்களைக் கூப்பிட்டு "ஏலேலோ" சொல்லிக் கரையேற்ற முடியாது. வேகமும் வள்ளத்து வேகம் இல்லை. இந்த அளவுப் படகு முழுக்காற்றில் மணிக்கு ஏழு கடல் மைல் போனால் பெரிது. கணக்குப் போடும்போது ஐந்து என்று வையுங்கள்.

"ராமேஸ்வரத்துல மெரினா இருக்குல்ல? அங்க கட்டிப் போட்டுட்டு வாரா வாரம் வந்து பார்த்துக்கலாம்ல?"

இல்லை. ராமேஸ்வரத்திலும் இல்லை, மாவட்டக் கரை முழுக்க எங்கேயும் இல்லை. இருப்பதெல்லாம் மீன்பிடித் துறைகள். பாம்பன், குந்துகால், மண்டபம் வடக்கும் தெற்கும், மூக்கையூர், தொண்டி. அவை மீனவர் பிழைப்புக்காகக் கட்டியவை. ஓரமாக ஒரு படகு நிறுத்த ஊர் சம்மதமும் மீன்வளத் துறை சம்மதமும் வேண்டும். சம்மதம் கிடைத்தாலும் வலைப்படகுகள் உரசிக்கொண்டு நிற்கிற இடத்தில் பளபளப்பான வெள்ளைப் படகு ஒரு மாசம் தாங்காது. எனவே கரைக்குச் சற்றுத் தள்ளி, கனமான கான்கிரீட் கட்டையைக் கடலடியில் இறக்கி, அதில் சங்கிலி மாட்டி மிதவையில் கட்டிவைப்பதுதான் வழி. தினமும் எட்டிப் பார்க்க ஒரு ஆளும் வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் காற்று. ஐப்பசியில் வாடை எழும்பினால் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், கொந்தளிக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கம் கரை மறைவில் இருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சானும் சோழகமும், அதாவது மேல்காற்றும் தென்காற்றும், அடிக்கும்போது நிலைமை தலைகீழ்: தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். நம் ஆட்கள் வள்ளத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் பிழைப்பது இதனால்தான். உங்கள் படகும் வருஷத்துக்கு இரண்டு முறை கடல் மாற வேண்டும். மாற முடியாத படகை வாங்கினால் ஆறு மாசம் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிவிடும்.

அதனால்தான் வருகிறவர்களிடம் முதலில் படகு போட்டோவைக் கேட்பதில்லை. எங்கே நிறுத்தப் போகிறீர்கள், அங்கே எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி) தண்ணீர் என்றுதான் கேட்பேன். பாதிப் பேர் அதோடு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"விளம்பரத்துல டிராஃப்ட் 1.9 மீட்டர்னு போட்டிருக்கு. அது பரவாயில்லையா?"

டிராஃப்ட் என்றால் தண்ணீர்க்கோட்டிலிருந்து கீலின் அடி வரை உள்ள ஆழம். நம் வள்ளத்து ஏரா (அடிக்கட்டை) ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தால் அதிகம். பாய்ப்படகின் கீல் ஆள் உயரத்துக்கு இறங்கியிருக்கும். 1.9 மீட்டர் என்றால் ஒரு பாகத்துக்கும் மேல். ஐரோப்பாவில் அது சாதாரணம். இங்கே ஒத்துவராது.

பாக் விரிகுடா பெரும்பாலும் பத்து மீட்டருக்கும் குறைந்த ஆழம்தான். அதுவும் நடுவில். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம். தென்கடலில் கரை சீக்கிரம் ஆழமானாலும் தீவுகளைச் சுற்றி முருகைக்கல் பார், அதாவது பவளப்பாறை. சேற்றில் தட்டினால் தள்ளி எடுக்கலாம், பாரில் தட்டினால் கீல் போல்ட்டே ஆடிவிடும்.

என் கணக்கு 1.4 மீட்டருக்குள். இரண்டு குட்டைக் கீல் உள்ள படகுகள் பிரிட்டனில் நிறையக் கட்டினார்கள். அவை காற்றை எதிர்த்து ஏறுவதில் கொஞ்சம் மந்தம், ஆனால் நம் தண்ணீருக்கு ஏற்றவை. ஏற்றி இறக்கும் கீல் இன்னும் நல்லது, அது ஏறி இறங்கும் பெட்டிக்குள் கொட்டலசு (கல்போல ஒட்டி வளரும் கடலுயிர்) அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பொறுமை இருந்தால். 2 மீட்டர் கீல் உள்ள படகைப் பாதி விலைக்குக் கிடைத்தது என்று ஒருவர் வாங்கினார். அழகான படகு. இன்றுவரை அது பாம்பன் பக்கம் வரவே இல்லை, வாங்கிய ஊரிலேயே வாடகை கட்டிக்கொண்டு நிற்கிறது.

"காக்கா, 1985 மாடல் ஒண்ணு பார்த்தேன். நாப்பது வருஷப் படகை வாங்குறது புத்தியா?"

வருஷத்தைக் கண்டு பயப்படாதீர்கள். அந்தக் காலத்து ஃபைபர் உடம்பு கனமாகப் போட்டது. எத்தனை அடுக்கு என்று கணக்குத் தெரியாமல் மேலும் மேலும் ஃபைபர் மேட் ஒட்டினார்கள். உடம்பு நாற்பது வருஷம் தாங்கும். அதோடு ஒட்டிய மற்றதெல்லாம் தாங்காது. பாய்மரக் கம்பி, பாய், வயர், குழாய், ரப்பர், ஜன்னல் அக்ரிலிக் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆயுள் உண்டு.

குளிர்நாட்டில் பாதி வருஷம் ஷெட்டுக்குள் இருந்த 1985 படகும், வெயில் கடலில் பன்னிரண்டு மாசமும் நின்ற 2005 படகும் ஒரே வயசுதான் என்பேன். உப்பைவிட வெயில் கெட்டது. "எந்த வருஷம்" என்பதற்கு அடுத்து "எங்கே நின்றது" என்று கேளுங்கள்.

"இந்த மாதிரிப் படகு எங்க கிடைக்கும்? வெளிநாட்டுலேர்ந்து கொண்டு வந்தா மலிவுன்னு சொல்றாங்களே?"

இந்தியாவுக்குள் சந்தை சின்னது. மும்பை, கோவா, கொச்சி மூன்றும்தான் முக்கியம். கொச்சியில் போல்காட்டித் தீவில் மெரினா இருக்கிறது, உலகம் சுற்றும் படகுகள் அங்கே வந்து நிற்கும். சென்னையில் படகுப் போட்டிக்காரர்கள் உண்டு, ஆனால் அவர்கள் ஓட்டுவது சிறு படகுகள், தங்கிப் பயணிக்கிற வகை அல்ல.

தாய்லாந்தின் புக்கெட், மலேசியாவின் லங்காவி ஆகிய இடங்களில் பழைய படகு நிறைய விற்பனைக்கு வரும், விலையும் ஆசை காட்டும். ஆனால் இறக்குமதி செய்தால் சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி. உல்லாசப் படகுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் படகு விலையில் முக்கால் பங்குக்குக் குறையாது. "வரி கட்டின படகு" என்று இந்தியாவில் விற்பவர் சொன்னால், கட்டிய ரசீதைக் கையில் வாங்கிப் பாருங்கள். அந்த ஒரு காகிதம் இல்லாத படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பாக்கி வரி படகோடுதான் ஒட்டிக்கொண்டு வரும்.

"நான் நாலு வள்ளம் வாங்கி வித்தவன். உடம்பைத் தட்டிப் பார்க்கத் தெரியும். வேற என்ன பார்க்கணும்?"

அந்தக் கை வீண் போகாது. ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து முழு உடம்பையும் ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டுங்கள். கெட்டியான இடம் "டங்" என்னும், அடுக்கு விட்ட இடம் "பொத்" என்னும். ஆனால் வள்ளத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் மேல்தளம். இரண்டு மெல்லிய ஃபைபர் தோலுக்கு நடுவே பால்சா கட்டையோ பிளைவுட்டோ வைத்து ஒட்டியிருப்பார்கள். கைப்பிடிக் கம்பி, கயிற்றுக் கொக்கி, பாய்மரத்தின் அடி என்று திருகு இறங்கிய ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் மழைத்தண்ணீர் உள்ளே போய்க் கட்டையை ஊறவைத்து நார்நாராக்கிவிடும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் தளம் முழுக்க நடங்கள். எங்காவது காலடி பொதபொதவென்று அமுங்கினால் அல்லது நொறுக்கென்று சத்தம் வந்தால், அதைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நாலைந்து வட்டத்துக்கு மேல் விழுந்தால் நான் பேச்சை அதோடு முடித்துக்கொள்வேன். தளம் பிரித்துப் போடுவதைப் போலக் கூலி தின்னும் வேலை வேறில்லை.

தண்ணீருக்கு அடியில் உள்ள உடம்பில் கொப்புளம் இருக்கும். அரிசி அளவிலிருந்து ரூபாய் அளவு வரை. ஆணியால் குத்தினால் காடி வாசத்தோடு ஒரு நீர் பீச்சும். அதைக் கண்டு அலறுகிறார்கள். கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் பார்த்ததில்லை. சுரண்டி, நன்கு காயவைத்து, எபாக்ஸி பூசினால் சரியாகும். விலையைக் குறைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். ஈரம் பார்க்கும் மீட்டரை இன்று கரையேற்றிய படகில் இன்றே வைத்தால் எல்லாப் படகும் நோயாளிதான். காய நேரம் கொடுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் கீலும் உடம்பும் சேரும் கோடு. முன்பக்கம் அந்தக் கோடு சிரித்த வாய் மாதிரிப் பிளந்திருக்கிறதா, துருநீர் வழிந்திருக்கிறதா? உள்ளே பலகையைத் தூக்கிப் பாருங்கள். கீல் போல்ட் தலைகள் தெரியும். கீலின் பின்முனைக்கு நேரே உள்ள வங்குகளில் (குறுக்குச் சட்டங்களில்) மயிரிழை வெடிப்பு இருந்தால் படகு எப்போதோ பாறையில் நன்றாக மோதியிருக்கிறது. புதுசாகப் பெயிண்ட் அடித்த அடிப்பள்ளத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வரும். மற்ற இடமெல்லாம் அழுக்காக இருக்க, இங்கே மட்டும் ஏன் பெயிண்ட்?

சுக்கானையும் விட்டுவிடாதீர்கள். இரு பக்கமும் கை வைத்து ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. கரையேற்றி இரண்டு நாள் கழித்தும் அடியில் சொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே தண்ணீர் குடித்திருக்கிறது. கடைசியாக அடிவால்வுகள்: கடலோடு திறந்திருக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு வால்வு. பித்தளையாக இருந்து, சுரண்டிய இடம் மஞ்சளாக இல்லாமல் ரோஸ் நிறத்தில் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் கூடுதான் நிற்கிறது. வெண்கல வால்வுக்கு மாற்றுங்கள்.

"என்ஜின் ஒரே அமுக்குல ஸ்டார்ட் ஆச்சு. அது போதாதா?"

நீங்கள் வருவதற்கு முன் விற்பவர் ஒரு தடவை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால்? போனவுடன் என்ஜின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் டீ குடிக்கப் போய்விட்டு, ஆறிய பிறகு வாருங்கள். நான் ஒருமுறை இப்படி ஏமாந்து சிபாரிசு செய்த படகு, நடுக்கடலில் ஆறிப்போன என்ஜினோடு ஒன்பது மணி நேரம் நின்றது. வாங்கியவர் நல்ல மனுஷர், இன்னும் என்னோடு பேசுகிறார்.

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. விடாமல் கரும்புகை வந்தால் என்ஜினுக்குள் போகும் காற்றோ புரொப்பெல்லரோ சரியில்லை. என்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் உள்ளே தண்ணீரா என்று பாருங்கள். புகைக்குழாயில் குளிர்ச்சித் தண்ணீர் நன்றாகத் துப்ப வேண்டும். 25 வருஷத்தில் 400 மணி நேரம்தான் ஓடியது என்று பெருமையாகச் சொல்வார்கள். அது நல்ல செய்தியே இல்லை. டீசல் என்ஜின் ஓடித் தேய்வதைவிடச் சும்மா நின்று துருப்பிடித்துச் சாவதுதான் அதிகம்.

என்ஜினிலிருந்து நேராகக் கீழிறங்கும் கால் மாதிரி டிரைவ் உள்ள படகு என்றால், அதற்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு பெரிய ரப்பர் வளையம் இருக்கும். வழக்கமாக ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். எப்போது மாற்றியது என்று கேளுங்கள். நேரான ஷாஃப்ட் உள்ளதையே நான் விரும்புவேன். நம் ஊர் மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய அமைப்பு அதுதான்.

"பாயும் கம்பியும் புதுசு மாதிரி மின்னுது. அதுல காசு மிச்சம்தானே?"

மின்னுகிற துருப்பிடிக்காத கம்பிதான் சொல்லாமல் அறும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்து முதல் பதினைந்து வருஷம் ஆயுள் சொல்வார்கள். நம் வெயிலுக்கும் உப்புக்கும் பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கம்பி முனை பிடிப்புக்குள் நுழையும் இடத்தை விரலில் துணி சுற்றித் தடவுங்கள். நூல் மாட்டினால் ஒரு இழை அறுந்திருக்கிறது. ஒரு இழை போனால் எல்லாக் கம்பியையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். அந்தக் கம்பிகள் உடம்பில் பிடிக்கும் செயின்பிளேட் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில்தான் முன்பு சொன்ன கட்டை ஊறல் முதலில் தொடங்கும். இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள்.

பாயில் துணி போகுமுன் தையல் நூல் போகும். நகத்தால் தையலைச் சுரண்டுங்கள், நூல் பொடிந்தால் வெயில் தின்றிருக்கிறது. துணி கெட்டியாக இருந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

"சர்வேயர் கேக்குற காசுக்கு ஒரு பேட்டரி வாங்கலாம். நீங்களே பார்த்துச் சொல்லக் கூடாதா?"

நான் சொல்வது கைப்பழக்கம், படகைச் சோதித்துச் சர்வேயர் தருவது காகிதம். இன்சூரன்ஸ்காரர் என் கைப்பழக்கத்தை ஏற்கமாட்டார். விற்பவரே ஏற்பாடு செய்த சர்வேயர் மட்டும் வேண்டாம்.

"அப்போ வாங்குற விலைக்கு மேல எவ்வளவு ஒதுக்கணும்?"

கையில் பத்து ரூபாய் இருந்தால் ஆறரைக்குப் படகு பாருங்கள். மீதி மூன்றரை முதல் வருஷத்தில் கம்பி, பேட்டரி, வால்வு, வயர், நிறுத்தும் கட்டை, சங்கிலி என்று போய்விடும். இது பயமுறுத்தல் இல்லை, பார்த்த கணக்கு. அதன்பின் வருஷா வருஷம் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு.

"அடியில பாசி பிடிச்சா, கடல் வத்துறப்ப சாய்ச்சுப் போட்டுக் கழுவிக்கலாம்ல? யூடியூப்ல அப்படித்தான் காட்டுறாங்க."

அவர்கள் கடலில் ஏற்றவற்றம் ஐந்து ஆறு மீட்டர். நம் கரையில் ஒரு மீட்டர்கூட முழுசாக இல்லை. 1.4 மீட்டர் கீல் உள்ள படகைக் காயவைக்கும் அளவு கடல் இங்கே வற்றாது. எனவே கிரேன் அல்லது சாய்தளம் வேண்டும். விசைப்படகு ஏற்றும் சாய்தளத்தில் கீல் படகை ஏற்றத் தனித் தாங்கு கட்ட வேண்டும். இரண்டு கீல் படகு சாய்தளத்திலும் தன் காலிலேயே நின்றுகொள்ளும்.

நடுவில் நீங்களே மூழ்கித் தேய்க்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர், மாசத்துக்கு ஒருமுறை தேய்த்தால்தான் கொட்டலசு கல்லாகாமல் இருக்கும். சங்கு குளித்த குடும்பத்து ஆட்கள் இந்த வேலையை ஒரு காலைப் பொழுதில் முடித்துக்கொடுக்கிறார்கள்.

"மீன்வளத் துறையில ஒரு நம்பர் வாங்கிட்டா பேப்பர் வேலை முடிஞ்சுதா?"

முடியாது. மீன்வளத் துறைப் பதிவு மீன்பிடிக் கலத்துக்கு மட்டும். உல்லாசப் படகை அதில் நுழைப்பது குற்றம், நாட்டுப்படகுக்காரருக்கான சலுகையில் கை வைப்பதும்கூட. கடலில் போகும் உல்லாசப் படகுக்குச் சென்னையில் உள்ள மெர்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட்டிலும், உள்ளூர்த் துறைமுகத்துக்கு தமிழ்நாடு கடல்சார் வாரியத்திலும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

விற்பவரிடம் வாங்க வேண்டியவை: விற்பனைப் பத்திரம், அவர் வாங்கியபோது இருந்த பத்திரம், முந்தைய பதிவு வெளிநாட்டில் இருந்தால் அதை நீக்கிய சான்று, முன்பு சொன்ன வரி ரசீது. படகின் பின்பக்கம் வலது மூலையில் உடம்பிலேயே பதித்த எண் இருக்கும். அது பத்திரத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

"படகோட சேர்த்து சாட்டிலைட் போனும் தர்றாராம். நல்ல டீல்தானே அண்ணே?"

படகைத் தொடுமுன் அதைக் கரையிலேயே அவரிடம் திருப்பிக் கொடுங்கள். துரையா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் இதில் மாட்டிச் சிறைக்குப் போயிருக்கிறார்கள். இந்தக் கரை எல்லைக் கரை, சோதனை அதிகம். குறுஞ்செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவிக்கும் இதே கதிதான். படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ வேண்டும், அதற்கும் உரிமம் எடுங்கள். ஆபத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

"கொச்சியில வாங்கி நானே ஓட்டிட்டு வந்துடலாமா?"

கன்னியாகுமரி சுற்றிப் பாம்பன் வரை சுமார் 250 கடல் மைல். ஐந்து மைல் வேகத்தில் ஐம்பது மணி நேரம், நிறுத்தாமல். பங்குனி, சித்திரையில் வாருங்கள். மார்கழி, தையில் மன்னார் வளைகுடாவில் வாடை நேர் முகத்தில் அடிக்கும். ஆனி, ஆடியில் குமரி முனையைப் பற்றிப் பேசவே வேண்டாம். முதல் பயணத்தில் வலைகளும் விளக்கில்லாத வள்ளங்களும் நடுவே இருக்கும். இரவில் நம் கடல் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். தூத்துக்குடியில் ஒரு நாள் இளைப்பாறிக்கொள்ளலாம்.

"சரி, வந்தாச்சு. பாம்பன் பாலம் தாண்டி வடகடலுக்கு எப்படிப் போறது? பாய்மரம் இடிக்குமா?"

இங்கேதான் கீலும் மரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 6 முதல் புதுப் பாலம் இயங்குகிறது. அதன் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரும். பக்கத்தில் 1988இல் திறந்த சாலைப் பாலம், அது உயராது. 36 அடிப் படகின் மர உச்சி, மேலே குத்திய ஆன்டெனாவோடு சேர்த்து, தண்ணீரிலிருந்து 16 மீட்டர் பக்கம் வந்துவிடும். விளம்பரத்தில் போட்ட எண்ணை நம்பாமல் உச்சியிலிருந்து நாடா தொங்கவிட்டு அளந்து, அந்த எண்ணையும் டிராஃப்டையும் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, போகலாம் என்ற பதிலை வாங்கிய பிறகு படகுக்கு முன்பணம் கொடுங்கள்.

உங்கள் ஒருவருக்காகப் பாலம் தூக்கமாட்டார்கள். விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். ரயில் இல்லாத நேரமும் கடல் அடங்கிய நேரமும் சேரும்போது வரிசையில் நிற்கும் எல்லாப் படகையும் சேர்த்து விடுவார்கள். சில நாள் ஆகலாம். அதனால் வாடை தொடங்கும் முன்பே கேட்டுவையுங்கள். கால்வாயில் நீரோட்டம் இழுக்கும், இரு பக்கமும் பாறை. என்ஜின் அன்றைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும்.

"பாலத்துக்குக் காத்துக் கெடக்குறதுக்கு தனுஷ்கோடி சுத்திப் போயிடலாமே?"

வள்ளம் போகும் வழியில் கீல் போகாது. தனுஷ்கோடிக் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு அந்தப் பக்கம் தீடைகள், அதாவது மணல் திட்டுகள். நடுவில் தண்ணீர் நீலமாகத் தெரியும், ஆனால் மணல் ஒரு வாடைக்கு ஒரு இடம் என்று நகரும். போன வருஷத்து வழி இந்த வருஷம் மேடு. தட்டிக்கொண்டு நின்றால் நீரோட்டம் உங்களை எல்லைப் பக்கம்தான் தள்ளும்.

"தலைமன்னார் கண்ணுக்குத் தெரியுற தூரம். ஒரு நாள் போய்ட்டு வரலாம்ல?"

கூடாது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் கடல் எல்லைக் கோடு போட்டாயிற்று. குடியேற்றம், சுங்கம் இரண்டும் முத்திரை குத்தும் துறைமுகத்திலிருந்து கிளம்பி, அங்கேயும் அப்படிப்பட்ட துறைமுகத்தில் போய் நிற்பதுதான் முறை. இந்தக் கோட்டைத் தாண்டியதற்காக நம் மீனவர்கள் படும் பாட்டைப் பார்த்த பிறகும் இந்தக் கேள்வி வருவது எனக்கு ஆச்சரியம்தான். படகில் ஜிபிஎஸ் இருந்தால் கோட்டுக்கு நாலைந்து மைல் முன்பே சத்தம் போடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஹோம்ஸ்டே வச்சிருக்கேன். படகுல டூரிஸ்ட்டை ஏத்தித் தீவுக்குக் கூட்டிப் போனா போட்ட காசு வந்துடாது?"

மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் இறங்கவோ பாரில் நங்கூரம் போடவோ முடியாது. கூலிக்கு ஆள் ஏற்ற வேறு உரிமம், வேறு இன்சூரன்ஸ், தகுதிச் சான்று உள்ள ஓட்டுநர் வேண்டும். சொந்தப் படகாகப் பதிந்துவிட்டு டிக்கெட் போட்டால் முதல் விபத்தில் வீடும் போகும். வருமானம்தான் நோக்கம் என்றால் இந்த வகைப் படகே வேண்டாம், அனுமதியோடு ஓடும் சுற்றுலாப் படகில் பங்கு சேருங்கள்.

தங்கி ரசிக்க மட்டும் என்றால், வடகடலில் கடல்புல் இல்லாத மணல் பார்த்து நங்கூரம் இறக்குங்கள். புல்லில் நங்கூரம் பிடிக்கவும் பிடிக்காது, ஆவுளியா (கடற்பசு) மேயும் இடத்தை உழுத பாவமும் சேரும்.

"படகுக்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வச்சிருக்கான். எங்க அம்மா பேரை எழுதிக்கலாமா?"

எழுதலாம். ஆனால் பதிவுச் சான்றில் பெயர் மாறி வரும் வரை பழைய பெயரை அழிக்காதீர்கள். காகிதத்தில் ஒன்று, படகில் ஒன்று இருந்தால் சோதனைக்கு ஏறுகிறவர் முதலில் பிடிப்பது அதைத்தான். சான்று வந்ததும் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், பெயர் எழுத நான் கூலி வாங்குவதில்லை.